குளியல் தொட்டியில் நான்கு நாட்கள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மீன்கள்மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்தவள் என்பதால் மீனைப் பார்த்தால் அதன் துடுப்பு முட்களை எண்ணத்தான் கை போகும். ஆனால் எழுபதுகளின் நடுவில் ஒரு ஜனவரியில், டொரொண்டோவில் பார்லிமென்ட் தெருப் பக்கம் நாங்கள் குடியிருந்த பதினோராவது மாடி வீட்டில், அறுபத்தைந்து மீன்களையும் இருபத்து நான்கு இறால்களையும் நான்கு நாட்கள் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. அவை பிழைத்தால் எனக்கு வேலை கிடைக்கும். கனடாவுக்கு வந்து இரண்டு வருடமாகக் கிடைக்காத வேலை.

ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் மூன்று வருடம் ஆய்வக விளக்குநராக இருந்திருக்கிறேன். இங்கே வந்த பிறகு எத்தனையோ இடங்களில் ஏறி இறங்கினேன். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கனடா அனுபவம் இருக்கிறதா? வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று நான் திருப்பிக் கேட்டால், சிரித்துக்கொண்டே வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்து உட்கார்ந்துவிட்டது. இறக்கிவைக்க வீட்டில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவர் ஒரு இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட் பார்த்தார். காலையெல்லாம் வீட்டில் இருப்பார், என் கோபத்துக்கு வசதியாக.

டான்ஃபோர்த் தெருவில் ஒரு செல்லப் பிராணிக் கடை இருந்தது. கிளிகள், முயல்கள், நாய்ச் சோறு. ஒருநாள் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது அதன் கண்ணாடியில் ‘ஆள் தேவை’ என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே போனேன். கடைக்காரர் போலந்திலிருந்து வந்தவர், அறுபது தாண்டியவர், மனைவியை இழந்தவர். புதிதாக மீன் விற்க ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னார். கடை முகப்பில் ஆறடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தானே ஒட்டிக்கொண்டிருந்தார். என் படிப்பைச் சொன்னேன். அவர் என் சேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது தண்ணீரில் நனையாதா?” என்றார்.

“நனைந்தால் காயும்” என்றேன்.

அடுத்த வாரம் ஃப்ளோரிடாவிலிருந்து மீன் வருகிறது, அப்போது வந்து பார் என்றார். கனடா அனுபவம் உண்டா என்று அவர் கேட்கவில்லை. அதனாலேயே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மீன் அடுத்த வாரம் வரவில்லை. அந்த வாரமே, செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அனுப்பியவர்கள் தேதியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அவர் போன் செய்ததும் ஓடினேன். இரண்டு தெர்மாகோல் பெட்டிகள் மேஜைமேல் இருந்தன. தொட்டியில் ஒரு மூலை ஒழுகியதால் முந்தின நாள்தான் சிலிகோன் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசியிருந்தார். கடை முழுவதும் வினிகர் வாசனை. அந்த வாசனை போகும்வரை தொட்டியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சனிக்கிழமைக்கு முன்னால் ஆகாது என்றார். அவர் கடைக்கு மேலேயே ஓர் அறையில் தங்கியிருந்தார். அங்கே காலையில் எழுந்தால் குவளைத் தண்ணீரில் ஐஸ் ஏடு படிந்திருக்குமாம். கடையிலும் கிளிக்கூண்டுகளைச் சுற்றி மட்டும்தான் சூடு.

எங்கள் கட்டடத்தில் கதை நேர்மாறு. கீழே பாய்லரைப் பார்த்துக்கொள்கிற ஆள் குளிரை ஜென்ம விரோதியாக நினைப்பவன். வெளியே பனி கொட்டும்போது நான் வீட்டுக்குள் மெல்லிய வாயில் துணிச் சேலையிலேயே வியர்த்துக்கொண்டு இருப்பேன். வெப்பநாட்டு மீன்களுக்கு அதைவிடச் சிறந்த இடம் டொரொண்டோவில் இல்லை.

“என் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்” என்றேன்.

அவர் பெட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “சனிக்கிழமை இவற்றை உயிரோடு கொண்டுவந்தால் மீன் பகுதி முழுக்க உன் பொறுப்பு. இல்லாவிட்டால் நான் பறவைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த வயதில் செத்த பிராணிகளை வாரிக்கொட்டத் தெம்பில்லை” என்றார். பிறகு சின்னப் பெட்டியைத் தொட்டுக் காட்டி, “இதில் இறால். இதை நான் விற்பதற்காக வாங்கவில்லை. கண்ணாடி மாதிரி இருக்குமாம், உள்ளே ஓடுவதெல்லாம் வெளியே தெரியுமாம். நான் இறாலைத் தட்டில்தான் பார்த்திருக்கிறேன்” என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

டாக்ஸியில் பெட்டிகளோடு வந்து இறங்கினேன். கதவைத் திறந்த என் வீட்டுக்காரர், “என்ன இது?” என்றார்.

“மீன்.”

“நம்ம வீட்டுலயா?” என்றார். நாங்கள் சைவம்.

“சமைக்க இல்ல. வளர்க்க. நாலு நாளைக்கு நீங்க குளிக்க முடியாது.”

“குளிர்காலம்தானே” என்று சொல்லிவிட்டு, பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். வேலைக்குக் கிளம்பும் நேரம் அது. அப்படியும் சட்டைக்கையை மடித்துவிட்டு நின்றார்.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் பைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று, வாயில் இறுக்கிய ரப்பர் பட்டை. ஒன்றரை நாள் இருட்டில் குலுங்கி வந்த மீன்கள் நிறம் வெளுத்து ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவற்றை உடனே அவிழ்த்துக் கொட்டிவிடக் கூடாது. குளியல் தொட்டித் தண்ணீரில் பையோடு மிதக்கவிட வேண்டும். உள்ளே இருக்கிற சூடும் வெளியே இருக்கிற சூடும் ஒன்றாக வேண்டும். பிறகு வாயைத் திறந்து, அரை டம்ளர் புதுத் தண்ணீர், கால் மணி பொறுத்து இன்னும் அரை டம்ளர். இப்படிப் பழக்கி, கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்துவிட்டுப் பைத் தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டும். வலைக்குப் பதிலாக எங்களிடம் டீ வடிகட்டி இருந்தது. விளக்கை அணைத்துவிட்டேன். நீண்ட பயணம் வந்தவர்களுக்கு முதல் நாள் சாப்பாடும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். நான் விமானத்தில் இறங்கிய அன்று எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கப்பிகள், வாள்வால் மீன்கள், அடியில் மண்ணைக் கிளறும் மீசைக்காரர்கள், நீலக் கோடு போட்ட பன்னிரண்டு சின்ன மீன்கள். அந்தக் கோட்டுக்காரர்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வாய்க்கால்களில் இருப்பவை. அவற்றின் பாட்டன் பூட்டன் யாரோ ஃப்ளோரிடாவுக்குப் போய்க் குடியேறி, இப்போது வாரிசுகள் கனடாவுக்கு வந்திருக்கின்றன. அவற்றிடம் யாரும் அனுபவம் கேட்கவில்லை.

தண்ணீர்தான் பெரிய பாடு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்துவைத்தால்தான் குளோரின் போகும். முதல் நாள் மட்டும் கடைக்காரர் கொடுத்த குளோரின் முறிக்கும் மருந்தைத் தொட்டியில் விட்டுச் சமாளித்தேன், அந்தப் புட்டி அன்றோடு தீர்ந்தது. புதுத் தொட்டியில் கழிவும் சேரும், தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றியாக வேண்டும். ஆகவே தினமும் நாளைக்கு வேண்டிய தண்ணீரை இன்றே பிடித்துவைக்க வேண்டும். எங்களிடம் இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் வாளிகள். எதிர்வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார், கைக்குழந்தைக்காரர். புதன்கிழமை காலை அவரிடம் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டும் பேசினை இரவல் கேட்டேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரே தூக்கி வந்தார். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன பிள்ளை, நீங்கள் சைவமெண்டெல்லோ சொன்னியள்?”

“இது சாப்பிட இல்லக்கா, வேலைக்கு.”

“மீன் எண்டால் நாங்கள் குழம்பு வைப்பம். நீங்கள் பாத்ரூமிலை வைச்சுத் தாலாட்டுறியள்” என்றார். பிறகு தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்து, “இளஞ்சூடாய்த்தான் கிடக்கு. பிள்ளை குளிக்கிற பதம்” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

காற்று அடிக்கும் பம்பும் எங்களிடம் இல்லை. தண்ணீரில் காற்று கலக்காவிட்டால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். புதன்கிழமை அப்படித் திறந்தன. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து இரண்டு பெரிய எவர்சில்வர் சொம்புகளை எடுத்துவந்தார். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஒரு சொம்பில் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி, நுரைக்க நுரைக்க மற்றதில் ஆற்றினார். காப்பி ஆற்றுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றுவார், ஒரு சொட்டுச் சிந்தாது. ஆற்றிய தண்ணீரை மெல்லத் தொட்டி ஓரமாக விட்டார். கால் மணியில் மீன்கள் கீழே இறங்கின.

“சக்கரை போதுமான்னு கேளு” என்றார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று முறை போட்டுக்கொண்டோம். அவர் வீட்டில் இருக்கும்போது அவர், போன பிறகு நான். அந்த நாட்களில் நாங்கள் சண்டை போடவே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. புதன்கிழமை இரண்டு கப்பிகள் செத்தன. வியாழக்கிழமை ஒன்றும் சாகவில்லை. மீன்களுக்கு நிறம் திரும்ப ஆரம்பித்தது.

இறால்களை மீன்களோடு விடவில்லை. வாள்வால் மீன்கள் கடித்துவிடும். சமையலறை மேஜையில் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்தன. உண்மையாகவே கண்ணாடிப் பிராணிகள். ஒரு துணுக்கு வேகவைத்த கீரையைப் போட்டால் அது வயிற்றுக்குள் பச்சைக் கோடாகப் போவது தெரியும். அவற்றில் ஒன்று வயிற்றுக்குக் கீழே பச்சை முத்துகளாக முட்டை சுமந்திருந்தது. அதை மட்டும் தனியே ஓர் ஊறுகாய் ஜாடியில், வாளித் தண்ணீரில் வைத்து, சமையலறை ஜன்னல் விளிம்பில் இருத்தினேன். பெட்டியைத் தொட்டுக் காட்டி வெட்கப்பட்ட அந்தக் கடைக்காரர் முகம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. மீன்களை வேலைக்காகப் பார்த்துக்கொண்டேன். இறால்களை அவருக்காகப் பார்த்துக்கொண்டேன்.

இனி குடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுப்புப் பக்கத்தில் ஒரு செப்புக் குடம் இருந்தது, என் மாமியார் கொடுத்தனுப்பியது. பெட்டிக்குள் அடங்காது என்பதால் என் வீட்டுக்காரர் அதை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். சுங்க அதிகாரி உள்ளே கையை விட்டுப் பார்த்தாராம். டொரொண்டோ தண்ணீர் வாயில் வைக்க விளங்கவில்லை, செம்பில் ஓர் இரவு இருந்தால்தான் அது தண்ணீர் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. அதனால் குடிக்க எப்போதும் குடத்துத் தண்ணீர்தான். வியாழக்கிழமைதோறும் நான் அதைப் புளி போட்டுத் தேய்ப்பேன், மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதால். மீன் வந்த வாரமும் தேய்த்தேன். குடம் புதுக் காசு மாதிரி பளபளத்தது. வாளிகளும் பேசினும் மீன்களுக்கான தண்ணீரால் நிறைந்துவிட்டன. இறால் கிண்ணத்துக்குத் தண்ணீர் பிடித்துவைக்க வேறு பாத்திரம் இல்லை. குடத்தை நிரப்பினேன்.

யோசிக்காமல் செய்ததல்ல. யோசித்துத்தான் செய்தேன். எல்லாவற்றிலும் நொய்ந்த பிராணி இறால், வீட்டிலேயே நல்ல தண்ணீர் குடத்துத் தண்ணீர், இதற்கு அதைக் கொடுப்போம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை குடத்திலிருந்து மொண்டு கிண்ணத்தில் பாதிக்கும் மேலே மாற்றினேன். ஜாடியிலிருந்த தாய் இறாலுக்கு மாற்றவில்லை. அதை அசக்க வேண்டாம் என்று தோன்றியது.

பிறகு கடைக்குப் போனேன். தொட்டியில் வாசனை போய்விட்டது. நானும் கடைக்காரருமாகத் தண்ணீர் நிரப்பிச் சோதித்தோம், மூலை ஒழுகவில்லை. அவர் எனக்குக் கறுப்புத் தேநீர் போட்டுக் கொடுத்து, இறால்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார். கீரை வயிற்றுக்குள் போவதைச் சொன்னேன். குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சந்தோஷமாக வீடு திரும்பினேன்.

கதவைத் திறந்ததும் சிகரெட் வாசனை. மேஜையில் கிண்ணம். இறால்கள் அடியில் ஒருக்களித்துக் கிடந்தன. கண்ணாடியாக இருந்தவை பால் மாதிரி வெளுத்திருந்தன. செத்த இறால் அப்படித்தான் வெளுக்கும். இரண்டொன்று காலை அசைத்தன, பிறகு அதுவும் நின்றது. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் நின்று சிகரெட்டை அவசரமாக நசுக்கினார்.

வீட்டுக்குள் புகைக்க மாட்டேன் என்று எனக்கு எத்தனையோ தடவை வாக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருடமாக அதுதான் எங்கள் தீராத சண்டை. அன்றைக்கு எனக்கு வேறு காரணம் தேடத் தோன்றவில்லை.

“உங்க சிகரெட்டுதான்” என்றேன். “உங்க புகைதான் கொன்னுது. ஒரு ஜன்னல், ஒரு கிண்ணம், இதுகூடப் பாத்துக்க முடியலியா உங்களால? ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கதவு திறந்துச்சு. அதுலயும் புகையை ஊதிட்டீங்க.”

இன்னும் நிறையச் சொன்னேன். எழுதினால் இன்றைக்கும் எனக்குக் கூசும். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் அந்தப் பக்கம்தான் ஊதினேன்” என்று ஒரு தடவை மெதுவாகச் சொன்னார். அப்புறம் சிகரெட் பெட்டியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டார்.

நான் அழுதேன். அழுதுவிட்டு, மீன்களுக்கு ஆற்ற வேண்டிய நேரம் வந்ததால் போய் ஆற்றினேன். மீன்கள் நன்றாகவே இருந்தன. திரும்பிச் சமையலறைக்கு வந்து கிண்ணத்தைக் கழுவலாம் என்று எடுத்தபோதுதான் ஜன்னல் விளிம்பைப் பார்த்தேன். ஊறுகாய் ஜாடிக்குள் தாய் இறால் கால்களை வீசி முட்டைகளுக்குத் தண்ணீர் விசிறிக்கொண்டிருந்தது. ஜாடி இருந்த இடம் அவர் சிகரெட் பிடித்த இடத்திலிருந்து ஒரு கை தூரம். சாம்பல் கிண்ணம் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

மூன்று வருடம் மாணவிகளுக்கு இதைத்தானே சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பாத்திரம் வை. எல்லாம் ஒன்றுபோல இருக்கட்டும், ஒன்றே ஒன்று மட்டும் வேறாக இருக்கட்டும். விளைவு வேறானால் காரணம் அந்த ஒன்றுதான். புகை இரண்டுக்கும் பொது. சூடும் கீரையும் பொது. தண்ணீர் மட்டும் வேறு.

ஒரு டம்ளர் குடத்துத் தண்ணீரை மொண்டு வாயில் வைத்தேன். நாக்கில் உலோகம். தினமும் குடிக்கிற ருசிதான், அன்றைக்குத்தான் அதற்கு என்ன பெயர் என்று நினைத்துப் பார்த்தேன். கல்லூரித் தொட்டிகளில் நத்தை பெருகினால் நாங்கள் துளித்துளியாக மயில்துத்தம் போடுவோம். செம்பு உப்பு. மீன் தாங்கும், நத்தையும் இறாலும் தாங்காது. அந்தப் பாடத்தில் எனக்கு முதல் வகுப்பு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய செம்பில் ஓர் இரவு ஊறிய தண்ணீரை, பார்த்துப் பார்த்து, அருமையான பிராணிக்கு என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

ஷிப்ட் முடிந்து அவர் வருவதற்குள் படுத்துத் தூங்குவதுபோல் கிடந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை எதிர்வீட்டு அக்காவின் கணவர் காரில் மீன்களையெல்லாம் பைகளில் கட்டி ஏற்றினோம். என் வீட்டுக்காரர் வரவில்லை. “நீ போ, நான் வந்தா உனக்குச் சங்கடம்” என்றார். ஏன் சங்கடம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கடையில் நுழைந்ததும் புரிந்தது.

“நேற்று உன் கணவர் இங்கே வந்தார்” என்றார் கடைக்காரர். “தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த இடத்தில் நின்றார். இறால்களைக் கொன்றது என் சிகரெட், அவளிடம் ஒரு குறையும் இல்லை, அவளுக்கு வேலையை மறுத்துவிடாதீர்கள் என்றார். நல்ல மனிதர். வருத்தப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்.”

மீன்கள் அறுபத்துமூன்றும் உயிரோடு இருந்தன. இறால் செத்ததற்குக் குற்றவாளி வேறோர் ஆள். வேலை என் கைக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நான் ஜாடியை அவர் முன்னால் வைத்தேன்.

“அவர் செய்யவில்லை. நான்தான் செய்தேன்” என்று ஆரம்பித்துக் குடத்தையும் புளியையும் மயில்துத்தத்தையும் சொன்னேன். படித்தவள், தெரிந்தவள், தெரிந்தும் செய்தவள் என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டேன். அவர் பாதி வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ஜாடியைப் பார்க்க ஆரம்பித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜாடியோடு கண்ணை ஒட்டிவைத்துக்கொண்டார். உள்ளே அது முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

“இதயம் துடிப்பது தெரிகிறது” என்றார்.

“ஆமாம்.”

நிமிராமலே, “திங்கட்கிழமை பத்து மணிக்கு வா. குடத்தைக் கொண்டுவராதே” என்றார்.

திங்கட்கிழமை போனேன். அந்தக் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஆனால் வீட்டில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. அவர் சிகரெட்டைத் தொடவில்லை. எத்தனை சண்டையில் ஆகாதது இருபத்துமூன்று இறாலில் ஆயிற்றே, உண்மையைச் சொன்னால் மறுபடி பெட்டி வாங்கிவிடுவாரே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதிப் பாதி வெட்கம். முதல் வகுப்புக்காரி செய்த காரியத்துக்கு, இந்தப் படிப்பெல்லாம் படிக்காத அவர் ஏச்சு வாங்கியிருந்தார். குடத்துத் தண்ணீரை அவர் குடிக்கும்போதெல்லாம் நான் வேறெங்காவது பார்த்தேன்.

மார்ச் மாதம் இரண்டாவது தடவை இறால் வந்தது, ஐம்பது. கடைத் தொட்டியில் மீன்களுக்கு ஏதோ வெள்ளைப் புள்ளி நோய், மருந்து போட்டிருந்தோம். இறால்களை ஒரு வாரமாவது வேறிடத்தில் வைக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று முந்தின நாளே என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். அன்று அவருக்கு விடுமுறை. பெட்டியோடு மாலையில் வந்தேன். சமையலறையில் மூன்று வாளிகள் வரிசையாக, மேலே மெல்லிய துணி போட்டு இருந்தன. அடுப்புப் பக்கத்தில் குடம் இருந்த இடம் காலியாக இருந்தது.

“குடம் எங்க?” என்றேன்.

“மேல, அலமாரியில.”

நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். அவருடைய பழைய வேட்டியில் சுற்றி, மேல் தட்டின் கோடியில், குடம் உட்கார்ந்திருந்தது. மடியில் வைத்துக்கொண்டு சமுத்திரம் தாண்டிக் கொண்டுவந்த குடம். நான் நாற்காலியிலிருந்து இறங்காமல் அங்கேயே நின்றேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“கடைக்காரர் அந்தத் திங்கட்கிழமையே போன் பண்ணிட்டார். சிகரெட்டு இல்ல, குடம்னு சொன்னார். வருத்தப்படாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னார், பாவம்.”

“நான்தான்” என்றேன். இரண்டு மாதம் தொண்டையில் நின்ற சொல். “நான்தான் கொன்னேன். உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“தெரியும். கீழ இறங்கு, விழுந்துடப் போறே.”

இறங்கினேன். அவர் பெட்டியைப் பிரித்து, பையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஐம்பது கண்ணாடித் துண்டுகள்.

“தெரிஞ்ச பிறகும் ஏன் திரும்ப சிகரெட் பிடிக்கல?” என்று கேட்டேன்.

“நீயா வந்து சொல்லுவே, சொன்ன அன்னைக்குப் பிடிச்சுக்கலாம்னு காத்துட்டு இருந்தேன்” என்றார். “காத்துட்டு இருந்ததுல பழக்கம் விட்டுப்போச்சு.”

பையை வாளித் தண்ணீரில் மெல்ல மிதக்கவிட்டுவிட்டு, எவர்சில்வர் சொம்பு இரண்டையும் எடுத்துவரச் சொன்னார்.